ரீ.சி.ஓ. என்று எழுதிப் பழகிய கை

திருகோணமலை
18.06.2024

என் அன்பு மகள் நிரோஜினிக்கு,

அம்பாள் புண்ணியத்தில் அம்மாவும் நானும் நல்ல சுகம். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் கோபிக்கிறது, எங்கள் வீட்டில் மாடி இல்லாதபடியால் பெரிய குறையில்லை. நீயும் அங்கே தடிமன் காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கு வைத்துக் கேட்கிறா, நான் பக்கத்தில் நின்று ஓம் போடுகிறேன். கிழமைக்கு இரண்டு தரம் முகம் பார்த்துக் கதைக்கிற மனுசன் என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அம்மா நடுவில் தலையை நீட்டுவா, லைன் அறும், நீயும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மற்றதைத் தேடிக்கொண்டு நிற்பாய். இது அப்படிச் சொல்லக்கூடிய கதை இல்லை. போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு ஜெமீலின் வள்ளத்தைப் பற்றி உனக்கு ஒரு கதை சொன்னேன் அல்லவா, அந்தக் கதையில் ஒரு முழு நாளை விழுங்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அதைக் கேட்டுவிட்டு, எங்கட அப்பா எவ்வளவு பெரிய மனுசன் என்று சொந்தக்காரர் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குறூப்பிலும் போட்டுவிட்டாய். கனடாவில் இருந்து உன் சின்ன மாமி பதினொரு இதயம் அனுப்பியிருக்கிறா. ஒவ்வொன்றும் எனக்கு முள்ளாகக் குத்துகிறது.

அதற்கு முதல் நீ அனுப்பின படத்துக்கு மறுமொழி சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். ஸ்டொக்ஹோமில் சுவரில் பெரிய இங்கிலீசு எழுத்தில் ரீ.சி.ஓ. என்று போட்டிருக்கிறதைப் படம் எடுத்து, அப்பா உங்கட எழுத்து இங்கேயும் நிற்குது என்று அனுப்பியிருந்தாய். பார்த்தவுடன் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பத்தொரு வருடமாக இந்தக் கரையில் எத்தனை வள்ளத்தின் கன்னத்தில் அந்த மூன்று எழுத்தை இழுத்திருப்பேன். முன்னால் வள்ளத்தின் வகைக்கு நாலைந்து எழுத்து, நடுவில் இலக்கம், கடைசியில் எந்த மீன்பிடி மாவட்டம் என்பதற்கு மூன்று எழுத்து, எங்களுக்கு ரீ.சி.ஓ., திருகோணமலை. எங்கட ஆக்கள் சுவீடனிலும் வள்ளம் இறக்கிவிட்டார்கள் என்று அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன். பிறகுதான் நீ எழுதியிருந்ததை வாசித்தேன், அது உத்தியோகம் பார்க்கிறவர்களின் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த பெரிய சங்கமாம், உன் தாதிமார் சங்கமும் அதற்குள்தானாம். ஆக மகளும் ரீ.சி.ஓ., தகப்பனும் ரீ.சி.ஓ. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

இன்னொன்று கேள், சிரிப்பாய். பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் மீனவர் சங்கத்தில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது, பெட்டி மாதிரி முதுகு புடைத்தது, அதன் நெற்றியில் ரீ.சி.ஓ. என்று ஒரு ஒட்டு. சங்கத்துச் செயலாளர் இராகுலன், அதுதான் கோபம் வந்தால் மீசை நடுங்குமே அந்த இராகுலன், அந்த ஒட்டைப் பார்த்துவிட்டு இது திருகோணமலை மாவட்டத்துச் சாமான், மாவட்டத்தை விட்டு வெளியே போக ஏலாது என்று முடிவெடுத்துவிட்டார். ஒருமுறை பக்கத்து மாவட்டச் சங்கத்துக்காரர் வந்து இரண்டு கிழமைக்கு இரவல் கேட்டதற்கு, அடிச்சிருக்கிறதை வாசிக்கத் தெரியாதோ என்று கேட்டு வெறுங்கையோடு அனுப்பினவர். இப்போது உன் விளக்கத்தைப் பார்த்தால் அந்த ஒட்டை ஒட்டினதே உங்கள் சுவீடன் சங்கம்தானாம், கண்ணுக்குக் கெடுதி செய்யாத திரை என்று அத்தாட்சியாம். நான் இதை இராகுலனிடம் இன்னும் சொல்லவில்லை, ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்ல வேண்டும். உன் அண்ணா வினோதன் சும்மா இருப்பானா, கொழும்பில் இருந்து கோல் எடுத்து, எங்கட கொம்பனியில ரீ.சி.ஓ. எண்டால் ஒரு சாமானை வாங்கி வைச்சிருக்கிறதுக்குக் கடைசி மட்டும் ஆகிற முழுச் செலவு அப்பா என்கிறான். பிறகு விமானக்காரரின் கணக்கில் ரீ.சி.ஓ. என்றால் கொலம்பியா நாட்டில் துமாக்கோ என்று ஒரு ஊராம். நீ போகும்போது உன் பெட்டியில் நான் ஆசையாக ரீ.சி.ஓ. என்று எழுதி அனுப்பியிருந்தால் பெட்டி அங்கே போய் இறங்கியிருக்குமாம். மூன்றே மூன்று எழுத்து, உலகம் முழுக்க ஆளுக்கொரு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், அந்த ஒன்றிலேதான் நான் பிழை விட்டேன்.

ஜெமீலை உனக்குத் தெரியும், கிண்ணியாப் பெடியன், பன்னிரண்டு வருடம் மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போனவன், போன முறை நீ வந்தபோது மடி நிறைய நண்டு கொண்டுவந்து தந்துவிட்டு வெட்கத்தில் ஓடினவன். இந்த வருடம்தான் சொந்தமாக ஒரு வள்ளம் எடுத்தான், கல்முனையில் ஒருவர் பாவித்தது, நல்ல உடம்பு, நீல நிறம். ஊர் மாற்றுகிறதற்குக் கடதாசி கொடுத்திருக்கிறான், புது நம்பர் வரும் வரைக்கும் பழைய கல்முனை நம்பர்தான் வள்ளத்தில் நிற்க வேண்டும். அது மங்கிப்போனபடியால், ஐயா, இரிக்கிற எழுத்துக்கு மேலால ஒருக்காப் பூசி விடுங்க எண்டு என்னைக் கூப்பிட்டான். நானும் பஸ் ஏறிப் போனேன். முன் எழுத்தையும் இலக்கத்தையும் பழைய தடத்திலேயே பூசினேன், ஒரு குறையும் இல்லை. கடைசியில் கே.எம்.என். என்று கல்முனை எழுத்து இருந்த இடம் செதில் செதிலாக உரிந்து நின்றது. சான்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து அந்த இடத்தை வெறும் நீலமாக்கி, காயவிட்டு, ஷிஃபானா தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். ஷிஃபானா என்றால் அவன் மனுசி, இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றுகிறதில் அவளை வெல்ல ஆளில்லை. குடித்துவிட்டு வந்து பிறஷை எடுத்தேன், கை என்னைக் கேட்கவில்லை மகள், முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் தன் பாட்டில் ரீ, சீ, ஓ என்று இழுத்துவிட்டது. ஓ போடும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்ளுகிறது உனக்குத் தெரியும், அதையும் செய்திருக்கிறேன். எழுதி முடித்துப் பின்னால் நகர்ந்து நின்று நானே பார்த்தேன். ஜெமீல் பார்த்தான், மாஷா அல்லாஹ் சோக்கா இரிக்கு ஐயா எண்டான். கரையில் நின்ற ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். ஒருவருக்கும் பிழை தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் கரையில் எந்த வள்ளத்தைப் பார்த்தாலும் அதுதான் எழுதியிருக்கும்.

நாலாம் நாள், புதன்கிழமை, கடலில் சோதிக்கிறவர்கள் கடதாசியையும் வள்ளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடதாசியில் கல்முனை, வள்ளத்தில் திருகோணமலை. இதில் இன்னொரு வினையும் சேர்ந்தது, அதே இலக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே ஒரு வள்ளம் ஓடுகிறது, யாருடையது என்று நினைக்கிறாய், சல்லி இராகுலனுடையது. அதற்கும் எழுதினது நான்தான். ஆக, இராகுலனின் நம்பரைக் களவாக அடித்துக்கொண்டு ஒரு வள்ளம் ஓடுகிறது என்று ஜெமீலைப் பிடித்துவிட்டார்கள். வள்ளத்தையும் எஞ்சினையும் மறித்து வைத்துவிட்டு, விசாரணைக்கு வா, வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் எப்போது முடியும் என்று யார் கண்டது. எங்கள் பக்கத்துக் கடல் மாரி மழை தொடங்குகிற வரைக்கும்தான் அமைதி, அதற்குள் வள்ளம் கட்டிக்கிடந்தால் ஜெமீல் திரும்பவும் மற்றவன் வள்ளத்தில்தான் ஏற வேண்டும். இவ்வளவும் உனக்குப் போனில் சொன்னேன். கேள்விப்பட்ட உடனே சேர்ட்டை மாட்டிக்கொண்டு ஓடிப்போய், எழுதினது நான், பிழை என்னுடையது என்று சொன்னேன் என்றும் சொன்னேன். அந்த உடனேதான் பொய்.

உண்மை என்னவென்றால், புதன்கிழமை காலை நான் மீன் வாங்க, வள்ளங்கள் கட்டுகிற ஜெட்டிப் பக்கம் சைக்கிளில் போனேன். அப்போதுதான் ஜெமீலின் வள்ளத்தை இழுத்துக்கொண்டு வந்து கட்டுகிறார்கள். ஆட்கள் கூடி நின்று கள்ள நம்பராம், கள்ள நம்பராம் என்று கதைக்கிறார்கள். நான் எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தை நான் அறிய மாட்டேனா, வெயிலில் பளீர் என்று நிற்கிறது, ரீ.சி.ஓ. அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, தேய்த்த இடம், குடித்த தேத்தண்ணி, இழுத்த எழுத்து எல்லாம். வள்ளத்தின் நடுவில் ஜெமீல் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தபடி இருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா பிள்ளை, சைக்கிளைத் திருப்பினேன். ஒரு சொல் சொன்னால் போதும், நாலு அடி நடந்தால் போதும், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு இன்றைக்கு நல்ல மீன் இல்லை என்றேன். பகல் முழுக்க எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு இருந்தேன், கடதாசி சரியாக இருக்கிறது, பார்த்து விட்டுவிடுவார்கள், நான் எதற்கு இடையில் என்று. உள்ளுக்குள் இருந்தது அது இல்லை, வெட்கம். ஒட்டுகிற எழுத்து விற்கிறவனை நடுக்கரையில் வைத்து, உன் எழுத்து உரியும், என் எழுத்தில் பிழை வராது என்று போன மாதம்தான் வாய் கிழியப் பேசியிருந்தேன். கரையில் என்னைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், பாஸ் பிழையாக எழுதிப்போட்டாராம் என்று கிண்ணியாவில் இருந்து சல்லி மட்டும் சிரிப்பார்களே என்று பயந்தேன். என் வெட்கத்தைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் வள்ளத்தைக் கட்டிக்கிடக்க விட்டேன்.

மற்ற நாள், வியாழக்கிழமை, காலை ஷிஃபானா அம்மாவுக்குக் கோல் எடுத்து, தெரிஞ்ச லோயர் ஆரும் இரிக்காங்களா மாமி எண்டு அழுதிருக்கிறாள். அம்மா வந்து என்னிடம், இஞ்சருங்கோ, அந்த வள்ளத்துக்கு எழுதினது நீங்கள்தானே எண்டு கேட்டா. எனக்கு வந்ததே கோபம். எழுதினால் என்ன, எழுதுறவனெல்லாம் கோர்ட்டுக்குப் போறதோ, உனக்கு என்ன தெரியும் என்று குசினி அதிரக் கத்தினேன்.  அம்மா என் வெள்ளைச் சேர்ட்டை எடுத்து அயர்ன் பண்ணி, கதிரையில் விரித்துப் போட்டுவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விட்டா. நான் அந்தச் சேர்ட்டைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு போட்டுக்கொண்டு போனேன். உனக்குச் சொன்ன வீரக் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, ஒரு நாள் பிந்தி, அதுவும் உன் அம்மா அயர்ன் பண்ணின சேர்ட்டில்.

மீன்பிடி அலுவலகத்தில் பெரியவர், அங்கத்து மேலதிகாரி, நல்ல மனிதர், இருக்கச் சொன்னார். ஜெமீல் வாசலில் போட்டிருந்த மர வாங்கில் இருந்தான், என்னைக் கண்டவுடன் எழும்பி, நீங்க என்னத்துக்கு ஐயா வந்த, பிரஷர் இரிக்கிற ஆள் எண்டு ஏசினான். நான் பெரியவரிடம், அந்த எழுத்து என்னுடையது, பெடியனுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அவன் நேற்றே சொல்லிப்போட்டான், தான்தான் எழுதினது, பழக்கமில்லாத கை, பிழைச்சுப் போச்சு எண்டு கையெழுத்தும் வைச்சிட்டான் என்றார்.  நான் வீட்டில் நியாயம் சொல்லிக்கொண்டு கிடந்த நேரத்தில் இவன் என் பெயரை வாயில் எடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டிருக்கிறான். அதைவிடக் கொடுமை, அந்தப் பொய்யால்தான் சந்தேகம் கூடியிருக்கிறது. பழகாத கை இவ்வளவு நேர்த்தியாக எழுதுமா, இவன் எதையோ மறைக்கிறான் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். என் எழுத்து வடிவாக இருந்ததே அவனுக்கு வினையாகிப்போச்சு.

பெரியவர் ஒரு கடதாசியையும் தடித்த பேனையையும் தந்து எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். வள்ளத்தைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், ரீயின் தலைக்கோடு, சீயின் வளைவு, இரண்டும் ஒரு கைதான் என்று தெரிந்தது. இப்ப கே.எம்.என். எழுதுங்கோ என்றார். ஐயோ மகள், பேனை ரீயின் தலைக்கோட்டுக்குத்தான் போகிறது, பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கே எழுதினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்முனைக்குக் கோல் எடுத்து நம்பரைச் சரி பார்த்தார்கள். அதற்கிடையில் இராகுலனையும் கூப்பிட்டிருக்கிறார்கள், மீசை நடுங்க, என்ர நம்பரைக் களவெடுத்தவன் எவன் எண்டு சத்தம் போட்டுக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பாஸ், நீங்களா, ஒரே தகப்பன் இரண்டு பிள்ளைக்கும் ஒரு பேரை வைச்சால் இந்தக் கரைச்சல்தான் வரும் எண்டு தொடையில் தட்டிச் சிரித்தார். நான் பயந்த சிரிப்பு அதுதான், வந்து போய்விட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தேன், இனிமேல் கடதாசியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று எச்சரித்தார்கள், வெள்ளிக்கிழமையே வள்ளத்தை விட்டுவிட்டார்கள், கோர்ட்டு இல்லை.

சனிக்கிழமை காலையே பிறஷையும் பெயின்டையும் எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். கிண்ணியாப் பாலத்துக்கு மேலால் பஸ் போகும்போது வழமையாகக் கடலைப் பார்ப்பேன், அன்றைக்கு மடியில் இருந்த பெயின்ட் பேணியைத்தான் பார்த்தேன். கடதாசியை ஜெமீல் பிடிக்க, அவன் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் திருப்பிச் சொல்லி எழுதினேன், கே, எம், என். எல்லாம் முடிந்து கை கழுவும்போது அவன் சொன்னான், கேள்விப்பட்ட உடனே வந்தீங்களே ஐயா, வேற ஆக்களா இருந்தா வந்திரிக்க மாட்டாங்க எண்டு. நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். ஓம் என்று ஆட்டினேன் பிள்ளை. அந்தத் தலையாட்டலைத்தான் மற்ற நாள் உனக்கும் போனில் கதையாகச் சொன்னேன். நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். ஜெமீல் அடுக்குச் சட்டியில் எங்களுக்கென்று தனியாகச் சமைத்த கோழிச் சோறும் இனிப்புக்கு வட்டிலப்பமும் கொண்டுவந்து தந்தான். அம்மா ரசித்துச் சாப்பிட்டா. எனக்கு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. வட்டிலப்பத்தை நான் மிச்சம் வைத்தது இதுதான் முதல் தரம். இன்றைக்கு இதை உனக்கு எழுதத் தொடங்கினேன், எழுத எழுதத்தான் விளங்குகிறது, மகளுக்கு எழுதிவிட்டால் போதாது, சொல்ல வேண்டிய ஆள் பாலத்துக்கு அங்கால் இருக்கிறான். நாளைக்குக் காலை போகிறேன். போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன், இதற்குள் நீ அந்தக் குறூப்பில் இன்னும் ஏதும் போடாமல் இருக்கக் கடவது.

19.06.2024, பின்னேரம்

போய்விட்டு வந்துவிட்டேன். ஜெமீல் முற்றத்தில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருந்தான், வெறும் மேலோடு. என்னைக் கண்டதும் சேர்ட்டை எடுக்க எழும்பினவனை, இரு தம்பி, நான் நின்று சொல்லவேண்டிய கதை இது என்று மறித்தேன். பஸ்ஸில் அழகாகக் கோத்துக்கொண்டு போன வசனமெல்லாம் எங்கே போச்சுதோ தெரியாது. நான் உடனே வரவில்லை தம்பி, புதன்கிழமையே எனக்குத் தெரியும், ஜெட்டியில் நின்றனான், பார்த்துப்போட்டுத் திரும்பிப் போயிட்டன், ஒரு நாள் ஒளிச்சிருந்தனான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவன் வலை ஊசியைக் கீழே வைத்தான்.  ஏசுவான் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் சொல்லுகிறான், தெரியும் ஐயா, நீங்க சைக்கிளத் திருப்பினத்தக் கண்ட நான் எண்டு.

கண்டிருக்கிறான் மகள். குனிந்துகொண்டு இருந்தவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறான், நான்தான் அதைப் பார்க்கவில்லை. என் முதுகைக் கண்டுவிட்டுத்தான் உள்ளே போய், எழுதினது நான் என்று கையெழுத்து வைத்திருக்கிறான். தெரிந்துகொண்டுதான் சனிக்கிழமை, உடனே வந்தீங்களே என்று எனக்கு ஒரு மரியாதையைத் தந்திருக்கிறான், நான் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, எழுத வெட்கமில்லை. பிறகேன் தம்பி என்னைக் காட்டிக் குடுக்கேல்லை எண்டு கேட்டேன். அவன் திரும்பவும் வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அண்டைக்கு நான் ஒரு சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தா நீங்க வந்திரிப்பீங்க ஐயா, நான்தான் கூப்பிடல்ல எண்டான். அதற்கு மேல் அந்தக் கதையை அவன் விடவில்லை. ஷிஃபானாவைக் கூப்பிட்டு, ஐயாக்கும் சோறு போடு என்றான். இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

வந்து இந்தக் கடிதத்தை முதலில் இருந்து கடைசி மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கத்தினதையும் சேர்த்து. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டா. சைக்கிளைத் திருப்பின இடம் வந்தபோது நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டால், அண்டைக்கு மத்தியானம் பருப்புக்கு உப்பே போடேல்லை, நீங்கள் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டு எழும்பினீங்கள், அப்பவே எனக்குத் தெரியும் ஏதோ பெரிய பிழை செய்துபோட்டு வந்திருக்கிறீங்கள் எண்டு, மற்ற நாள் ஷிஃபானா கோல் எடுத்ததும் மிச்சம் விளங்கிச்சு எண்டா. ஆக, நான் ஒளித்தேன் என்று நினைத்த கதை எல்லோருக்கும் தெரியும், என் மகளைத் தவிர. இப்போது உனக்கும் தெரியும். குறூப்பில் போட்டதை அழிக்காதே, அதற்குக் கீழே, அப்பா ஒரு நாள் பிந்தித்தான் போனவராம் என்று எழுதிவிடு. சின்ன மாமி இதயத்தைத் திருப்பி எடுத்தால் எடுக்கட்டும்.

வேறு விசேஷம் இல்லை. உங்கள் ஊரில் இப்போது இரவே வராதாம், சூரியன் போகாமல் நிற்குமாம் என்று வினோதன் சொன்னான், யன்னலுக்குத் தடித்த சீலையாகப் பார்த்துப் போட்டு நேரத்துக்குப் படு. இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. உனக்குப் பால் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாது, அந்தப் பழக்கத்தை விடு என்று அம்மா சொல்லச் சொல்லுகிறா. அம்பாள் உனக்குத் துணை நிற்பா. நீ நீடூழி வாழ வேண்டும், உன் கைக்கு வருகிற நோயாளி ஒவ்வொருவரும் எழும்பி நடந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். ஜெமீலின் போன் நம்பர் இதற்குள் எழுதி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எடுக்க முதல் அவனுக்கு ஒரு கோல் எடு. பெரிய மனுசன் என்று நீ எனக்குச் சொன்ன அந்தச் சொல்லை அவனிடம் சொல்லு, அது அவனுக்குச் சேர வேண்டிய சொல்.

என்றும் உன் நினைவோடு
அப்பா
சிவகுருநாதன்